எல்லை தாண்டும் காருக்கு ஏற்ற எரிபொருள்

மாநில எல்லையையோ நாட்டின் எல்லையையோ காரில் கடக்கும்போது எந்த எரிபொருளை, எந்தப் பக்கத்தில் நிரப்புவது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலோர் இதை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கின்றனர். உண்மையில் எல்லையைத் தாண்டும்போது மூன்று மாறக்கூடும்: எரிபொருளின் விலை, அதன் பெயர், அதன் சேர்மானம். முதல் இரண்டும் பணப்பையையும் கவனத்தையும் பொறுத்தவை. மூன்றாவதுதான் இன்ஜினைப் பொறுத்தது. இந்தியாவுக்குள் மாநிலம் விட்டு மாநிலம் சென்றால் பெரும்பாலும் விலை மட்டுமே மாறும். நாடு விட்டு நாடு சென்றால் மூன்றுமே மாறலாம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் எங்கே சிக்கனம் பார்க்கலாம், எங்கே பார்க்கக் கூடாது என்பது தெளிவாகும்.

பண்ருட்டிக்கு அருகிலுள்ள எல்லை

கடலூர் மாவட்டத்தில் உள்ள பண்ருட்டி, பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்ற ஊர். அதன் தெற்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களைக் கொண்ட நெய்வேலி நகரியம் உள்ளது. இவ்விரு ஊர்களிலிருந்தும் மருத்துவம், கல்வி, வணிகம் ஆகியவற்றுக்காகப் பலர் புதுச்சேரிக்குச் சென்று வருகின்றனர். கடலூர் வழியாகச் செல்பவர்கள் தென்பெண்ணையாற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் முள்ளோடையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் நுழைகின்றனர். அங்கிருந்து சாலையோரம் அடுத்தடுத்துப் பெட்ரோல் பங்க்குகளைக் காணலாம்.

இந்த எல்லை நேர்கோடு அன்று. பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த சிற்றூர்களும் ஆங்கிலேய ஆட்சியின் கீழிருந்த சிற்றூர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962இல் அவை சட்டப்படியும் ஒப்படைக்கப்பட்டன. நாடு ஒன்றானாலும் பழைய ஊர் எல்லைகள் நிர்வாக எல்லைகளாக நீடித்தன. ஆகவே கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் காரோட்டுபவர் சில கிலோமீட்டருக்குள் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மாறி மாறிச் செல்ல நேர்கிறது. தெற்கே நாகப்பட்டினம் செல்லும் வழியில் உள்ள காரைக்காலும், கேரளத்தின் நடுவே உள்ள மாஹியும், ஆந்திரத்தின் நடுவே உள்ள யானமும் இதே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை.

விலை ஏன் மாறுகிறது?

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெட்ரோலும் டீசலும் அதற்குள் கொண்டுவரப்படவில்லை. அவற்றின் மீது ஒன்றிய அரசு கலால் வரி விதிக்கிறது. அது நாடு முழுவதும் ஒன்றே. அதன் மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி மதிப்புக் கூட்டு வரியை விதிக்கிறது. 'வாட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த வரிதான் எல்லையின் இருபுறமும் விலை வேறுபடுவதற்கு முதன்மையான காரணம். கிடங்கிலிருந்து கொண்டுவரும் போக்குவரத்துச் செலவால் ஒரே மாநிலத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் சில காசுகள் மாறும்.

அரசுகளின் முடிவுக்கேற்ப இந்த இடைவெளி கூடியும் குறைந்தும் வந்துள்ளது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. அதே ஆண்டு நவம்பரில் புதுச்சேரி அரசு பெட்ரோல், டீசல் மீதான வரியை லிட்டருக்கு 7 ரூபாய் குறைத்தது. 2025 ஜனவரியில் புதுச்சேரியில் வரி மீண்டும் சற்று உயர்த்தப்பட்டது. மேலும் 2017 ஜூன் 16 முதல் இந்தியாவில் எரிபொருள் விலையை நாள்தோறும் மாற்றியமைக்கும் முறை உள்ளது. எனவே 'அந்தப் பக்கம் எப்போதும் இத்தனை ரூபாய் மலிவு' என்று பழைய கணக்கை வைத்துக்கொண்டு புறப்படக் கூடாது. அன்றைய விலையை எண்ணெய் நிறுவனங்களின் இணையதளத்திலோ செயலியிலோ பார்த்துக்கொள்வது நல்லது.

மலிவுக்காக எவ்வளவு தூரம் செல்லலாம்?

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நிரப்பும் லிட்டரை விலை வித்தியாசத்தால் பெருக்கினால் மிச்சமாகும் தொகை கிடைக்கும். கூடுதலாக ஓடும் கிலோமீட்டரை மைலேஜால் வகுத்து, வரும் லிட்டரை விலையால் பெருக்கினால் செலவு கிடைக்கும். மிச்சம் செலவைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே லாபம்.

ஓர் எடுத்துக்காட்டு: பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வித்தியாசம் 5 ரூபாய், கார் லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும், நிரப்புவது 35 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது 175 ரூபாய். பண்ருட்டியிலிருந்து எல்லை வரை சென்று திரும்ப 70 கி.மீ. என்று கொண்டால், அதற்கு எரியும் பெட்ரோல் ஏறத்தாழ 4.7 லிட்டர். அதன் விலை சுமார் 470 ரூபாய். பெட்ரோலுக்காகவே புறப்பட்டவருக்கு ஏறக்குறைய 295 ரூபாய் நஷ்டம். இதே எண்களின்படி, கூடுதல் ஓட்டம் 26 கி.மீ.க்குள் இருந்தால்தான் கைக்கு ஏதாவது மிஞ்சும்.

வேறு வேலையாகப் புதுச்சேரிக்குச் செல்பவருக்குக் கூடுதல் ஓட்டம் இல்லை. அவர் திரும்பும் வழியில் எல்லைக்கு முன்னுள்ள பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டால் 175 ரூபாயும் மிச்சம்தான். போகும்போது டேங்க்கில் தேவையான அளவு மட்டும் வைத்துக்கொள்வதும் இதில் அடங்கும். காரின் டேங்கில் நிரப்பிச் செல்வது இயல்பான பயணம். கேன்களிலும் பீப்பாய்களிலும் எடுத்துச் சென்று மறுபுறம் விற்பது வரி ஏய்ப்பாகவும் பெட்ரோலிய விதிகளை மீறுவதாகவும் ஆகும். மூடிய காருக்குள் பெட்ரோல் கேன் வைத்திருப்பது தீ விபத்துக்கும் வழிவகுக்கும்.

விலை குறைந்தால் தரமும் குறையுமா?

'புதுச்சேரி பெட்ரோலில் வண்டி இழுக்காது' என்று சிலர் சொல்வதுண்டு. வரி குறைவு என்பதற்கும் தரத்துக்கும் தொடர்பில்லை. எல்லையின் இருபுறமும் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய அதே நிறுவனங்களின் பங்க்குகள்தான் உள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த அதே தரவரையறைதான் இருபுறமும் பொருந்தும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 எரிபொருள் விற்கப்படுகிறது. இதில் கந்தகம் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. முந்தைய பிஎஸ்-4இல் இந்த வரம்பு 50 மில்லிகிராம்.

குறிப்பிட்ட ஒரு பங்க்கில் கலப்படமோ, தரைக்கடித் தொட்டியில் நீர்க்கசிவோ இருக்கலாம். அது எல்லையின் எந்தப் பக்கத்திலும் நிகழக்கூடியது. ஐயம் எழுந்தால் வடிதாள் சோதனையும் அடர்த்திச் சோதனையும் செய்து காட்டுமாறு பங்க்கில் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. பெட்ரோலை வடிதாளில் ஒரு சொட்டு விட்டால் அது கறை இல்லாமல் ஆவியாக வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியப் பெட்ரோலில் இப்போது ஏறத்தாழ 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. இது இ20 எனப்படும். 2022இல் 10 விழுக்காட்டை எட்டிய நாடு, 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எனவே பண்ருட்டியில் நிரப்பினாலும் புதுச்சேரியில் நிரப்பினாலும் கிடைப்பது இ20தான்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் சுமார் 32 மெகாஜூல்; எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல். இதனால் ஒரு லிட்டர் இ20இல் கலப்பில்லாத பெட்ரோலைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு ஆற்றல் குறைவு. இந்தக் குறைவு எந்த அளவுக்கு மைலேஜில் தெரியும் என்பது இன்ஜின் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், 10 விழுக்காட்டுக்கு வடிவமைத்து 20 விழுக்காட்டுக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 விழுக்காடும் குறையும் என்று மதிப்பிட்டது.

2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20ஐத் தாங்குபவை. பழைய கார்களில் எரிபொருள் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் அவ்வப்போது பார்த்து, வெடிப்போ கசிவோ இருந்தால் மாற்ற வேண்டும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஆகவே கடலோரப் பகுதிகளில் காரைப் பல வாரங்கள் ஓட்டாமல் நிறுத்துபவர்கள் டேங்கைக் காலியாக விடாமல் இருப்பது நல்லது. டேங்கில் காற்று குறைந்தால் அதனுடன் வரும் ஈரமும் குறையும்.

'எத்தனால் 100' என்ற எரிபொருள் 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் இந்தியன் ஆயில் நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. இது அதற்கென வடிவமைத்த வண்டிகளுக்கு மட்டுமே உரியது. வெளிநாடுகளில் இ85 என்று எழுதியிருக்கும் பம்ப்பும் அப்படித்தான். விலை மலிவாகத் தெரிந்தாலும் சாதாரணப் பெட்ரோல் காரில் இவற்றை நிரப்பக் கூடாது.

ஆக்டேன் எண் சொல்வது என்ன?

இன்ஜினின் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் பொறி தந்த பிறகு ஒழுங்காக எரிய வேண்டும். அழுத்தத்திலும் வெப்பத்திலும் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்தால் 'நாக்கிங்' என்னும் தட்டல் ஓசை எழும். தொடர்ந்தால் பிஸ்டன் பழுதாகும். இதைத் தாங்கும் திறனை அளப்பதே ஆக்டேன் எண். இது ஆற்றலின் அளவு அன்று. 91 போதும் என்று வடிவமைத்த இன்ஜினில் 97 ஊற்றினால் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்காது, பணம்தான் கூடுதலாகும். 95 கேட்கும் இன்ஜினில் 91 ஊற்றினால் இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தையும் மைலேஜையும் குறைத்துக்கொள்ளும். பழைய இன்ஜினாக இருந்தால் தட்டும்.

இந்த எண்ணை நாடுகள் ஒரே முறையில் எழுதுவதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா ஆகியவற்றில் ஆய்வு ஆக்டேன் எண், அதாவது ரான், பயன்படுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு வகை எண்களின் சராசரி பம்ப்பில் எழுதப்படுகிறது. அங்குள்ள 87, நம் கணக்கில் ஏறத்தாழ 91 அல்லது 92. இதை அறியாமல் '87 மட்டமான பெட்ரோல்' என்று எண்ணி விலையுயர்ந்த வகையை நிரப்புபவர்கள் உண்டு. டொராண்டோவிலிருந்து அமெரிக்காவுக்குள் காரில் செல்லும் தமிழர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கனடாவில் விலை லிட்டருக்கு; அமெரிக்காவில் காலனுக்கு. ஓர் அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர்.

சிங்கப்பூர் – மலேசியா எல்லை

எரிபொருள் தேர்வைச் சட்டமே தீர்மானிக்கும் எல்லை ஒன்று தமிழர் பலர் நாள்தோறும் கடக்கும் ஜொகூர் பாலத்தில் உள்ளது. மலேசியாவில் பெட்ரோல் மலிவு. சிங்கப்பூரில் வரி மிகுதி. டேங்கைக் காலியாக எடுத்துச் சென்று ஜொகூரில் நிரப்பி வருவதைத் தடுக்க, சிங்கப்பூரில் பதிவான கார்கள் குறைந்தது அரை டேங்க் எரிபொருளுடன்தான் வெளியேற வேண்டும் என்று 1989இல் சிங்கப்பூர் அரசு விதித்தது. 1991இல் இது முக்கால் டேங்க் ஆனது. மீறினால் அபராதம் உண்டு. கார் திருப்பியும் அனுப்பப்படும்.

மறுபுறம், மலேசிய அரசு ரான் 95 பெட்ரோலுக்கு மானியம் அளித்துவந்தது. அந்த மானியம் தன் மக்களுக்கே உரியது என்பதால், 2010 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டில் பதிவான கார்களுக்கு ரான் 95 விற்கத் தடை உள்ளது. அவர்கள் ரான் 97 வகையை நிரப்பலாம். காருக்கு 95 போதும் என்றாலும் இங்கே 97தான் வாங்க வேண்டும். இன்ஜினுக்கு அதனால் தீங்கில்லை. புதுச்சேரி எல்லையில் இத்தகைய தடை எதுவும் இல்லை என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், மாநில எல்லைக்கும் நாட்டு எல்லைக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

பெயரும் நிறமும்

இலங்கையில் வாடகைக் கார் ஓட்டுபவர் பம்ப்பில் 'ஒக்டேன் 92', 'ஒக்டேன் 95', 'ஒட்டோ டீசல்', 'சூப்பர் டீசல்' என்ற பெயர்களைக் காண்பார். அமெரிக்காவில் பெட்ரோலின் பெயர் 'காஸ்'. பிரான்சில் டீசலின் பெயர் 'கஸோல்'. ஸ்பெயினில் 'கசோலினா' என்றால் பெட்ரோல். 'கசோலியோ' என்றால் டீசல். ஓரெழுத்து வித்தியாசத்தில் இன்ஜின் பழுதாகலாம்.

நிறத்தை நம்புவதும் ஆபத்து. பிரிட்டனில் பெட்ரோலின் கைப்பிடி பச்சை, டீசலின் கைப்பிடி கறுப்பு. அமெரிக்காவில் பல பங்க்குகளில் பச்சைக் கைப்பிடி டீசலுக்கு உரியது. மலேசியாவில் ரான் 95 மஞ்சள், ரான் 97 பச்சை. இந்தக் குழப்பத்தைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018 அக்டோபர் முதல் பொதுவான வில்லைகளைக் கொண்டுவந்தது. வட்டத்துக்குள் இ5, இ10 என்றிருந்தால் பெட்ரோல். சதுரத்துக்குள் பி7, பி10 என்றிருந்தால் டீசல். சாய்சதுரம் என்றால் வாயு எரிபொருள். அதே வில்லை காரின் டேங்க் மூடி அருகிலும் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால் நிரப்பலாம்.

டீசல் கார்கள் கவனிக்க வேண்டியவை

பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும் நச்சுவாயுவைக் குறைக்கும் கருவிகளும் உள்ளன. கந்தகம் மிகுந்த டீசல் இவற்றைக் கெடுக்கும். ஆகவே வெளிநாட்டு எல்லையைத் தாண்டும் முன் அங்கு விற்கும் டீசலின் கந்தக அளவை விசாரிக்க வேண்டும். அது 10 மில்லிகிராம் தரத்தில் இல்லையென்றால் எல்லைக்கு இப்புறமே டேங்கை நிரப்பிக்கொண்டு, அங்கே இயன்றவரை குறைவாக நிரப்ப வேண்டும்.

சில டீசல் கார்களில் யூரியாக் கரைசலுக்கெனத் தனி டேங்க் உண்டு. இதில் 32.5 விழுக்காடு யூரியாவும் மீதி தூய நீரும் இருக்கும். இது எரிபொருள் அன்று; புகையைத் தூய்மைப்படுத்துவது. இதைத் தவறுதலாக டீசல் டேங்கில் ஊற்றினால் பெருஞ்செலவு ஏற்படும்.

குளிரும் ஓர் எல்லைதான். கடும் குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும். இதற்காக லடாக்கில் மைனஸ் 33 பாகை செல்சியஸ் வரை பாயும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. கடலூர் மாவட்டத்தில் நிரப்பிய டீசலோடு குளிர்காலத்தில் லே வரை செல்பவர், உயரமான பகுதியை எட்டும் முன் அந்த டீசலைத் தீர்த்துவிட்டு அங்கு கிடைப்பதை நிரப்ப வேண்டும். விலை அங்கே இரண்டாம் கேள்வி.

தவறாக நிரப்பிவிட்டால்

டீசல் இன்ஜினின் உயரழுத்தப் பம்ப் டீசலின் வழவழப்பால்தான் தேயாமல் இயங்குகிறது. அதில் பெட்ரோல் சென்றால் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, துகள்கள் இன்ஜெக்டர் வரை பரவும். பெட்ரோல் இன்ஜினில் டீசல் சென்றால் புகை கக்கும், திணறும், நின்றுவிடும். தவறு தெரிந்தவுடன் சாவியைத் திருப்பக் கூடாது. பல கார்களில் சாவியை ஒரு படி திருப்பினாலே எரிபொருள் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். காரை நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்கை வரவழைத்து டேங்கை வடிக்கச் செய்வதே குறைந்த செலவில் முடியும் வழி. டீசல் நாசில் பொதுவாகப் பெட்ரோல் நாசிலைவிடத் தடிமனானது. அதனால் பெட்ரோல் கார்களில் டீசல் நுழைவது அரிது. டீசல் கார்களில் பெட்ரோல் எளிதாக நுழைந்துவிடும்.

சிஎன்ஜியும் மின்சாரமும்

சிஎன்ஜி கார்களுக்கு விலையைவிடப் பங்க் இருக்குமிடமே முக்கியம். எல்லைக்கு அப்பால் அடுத்த நிலையம் எங்கே, அது திறந்திருக்குமா என்று பார்த்து, பெட்ரோல் டேங்கிலும் சிறிது வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். இந்தியாவில் சிஎன்ஜி சிலிண்டரை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். சான்று காலாவதியானால் பங்க்கில் நிரப்ப மறுக்கலாம்.

நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் உற்பத்தியாகிறது. அது தமிழ்நாட்டுக்கு மட்டுமன்றிப் புதுச்சேரிக்கும் பிற தென்மாநிலங்களுக்கும் செல்கிறது. மின்சாரக் காருக்கு எல்லையின் இருபுறமும் அதே மின்சாரம்தான். கட்டணமும் சார்ஜிங் இணைப்பும்தான் மாறும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விரைவு சார்ஜிங்குக்கு சிசிஎஸ்-2 வகை பரவலாக உள்ளது. சீனாவிலும் வட அமெரிக்காவிலும் வேறு வகைகள் வழக்கில் உள்ளன.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

டேங்க் மூடியின் உட்புறத்திலும் காரின் கையேட்டிலும் எரிபொருளின் வகை, குறைந்தபட்ச ஆக்டேன் எண், ஏற்கக்கூடிய எத்தனால் விழுக்காடு ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். இவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் மொழி தெரியாத ஊரிலும் காட்டலாம். வாடகைக் கார் என்றால் சாவி வாங்கும்போதே அது பெட்ரோலா டீசலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லையின் இருபுறமும் அன்றைய விலை, மறுபுறம் உள்ள சட்டத் தடை, அடுத்த பங்க்கின் தூரம் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையேடு கேட்கும் எரிபொருள் இருபுறமும் கிடைக்கும்போது மலிவான பக்கத்தில் நிரப்பலாம். ஒரு பக்கத்தில் மட்டுமே கிடைக்கும்போது, விலை எதுவாயினும் அந்தப் பக்கத்தில்தான் நிரப்ப வேண்டும்.